வரிசை 112 முதல் 120 வரை

டிசம்பர் 11

யசோதரா மேடம் இன்று காலை டெல்லிக்குக் கிளம்பினார். ஆறு வாரப் பயிற்சி. ஜீப்பில் ஏறிய பிறகும் கண்ணாடியை இறக்கி, "விநாயகம், தினமும் எழுதி வைங்க. பார்த்த அன்னைக்கே எழுதுங்க. ஞாபகத்துல இருந்து எழுதாதீங்க" என்றார். அதற்காகத்தான் இந்த நோட்டு. மற்றபடி எனக்கு டைரி எழுதும் பழக்கம் கிடையாது.

வேலை இதுதான். நீலகிரியில் இருக்கும் இந்தச் சின்னக் கோதுமைப் பண்ணையில் மேடம் பன்னிரண்டு வருடமாக ஒரு ரகத்தை உருவாக்கிக்கொண்டிருக்கிறார். இன்னும் பெயர் இல்லை, எண் 417. பெயர் கிடைக்க வேண்டுமென்றால் அதை அங்கம் அங்கமாக விவரித்துப் படிவம் தர வேண்டும். ஜனவரி 22 அன்று இரண்டு அதிகாரிகள் வயலிலேயே நின்று சரிபார்ப்பார்கள். 417 மற்ற ரகங்களிலிருந்து வேறுபட வேண்டும். செடிக்குச் செடி ஒன்றுபோல் இருக்க வேண்டும். போன பருவத்தில் எழுதியதிலிருந்து மாறக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் கோப்பு திரும்பிவிடும். மேடத்துக்கு இன்னும் மூன்று வருடம்.

வயலில் 120 வரிசை. ஒரு கதிரின் மணிகளுக்கு ஒரு வரிசை. இதிலிருந்து எடுப்பதுதான் மூல விதை. அந்த 120 கதிரையும் போன மார்ச்சில் சமவெளிப் பண்ணையில் நானே பறித்தேன், ஒரே மதியத்தில். மேடமாக இருந்தால் மூன்று நாள் ஆக்கியிருப்பார். கடைசியில் ஏழெட்டுக் கதிர் குறைந்தது. பாத்தி ஓரத்தில் நின்றதைப் பறித்து எண்ணிக்கையை முடித்து, ஐந்து பத்துக்குக் கிளம்பும் பஸ்ஸையும் பிடித்தேன். அக்கா வளைகாப்புக்கு விடிவதற்குள் கோவில்பட்டியில் இருந்தேன். வேகமாக வேலை செய்வதைக் குற்றமாகப் பார்ப்பவர்கள் இந்தத் துறையில் அதிகம்.

டிசம்பர் 14

சளி. இரண்டு ஸ்வெட்டர்.

டிசம்பர் 19

கொடி இலை, கதிரை ஒட்டிய கடைசி இலை, நிமிர்ந்தது. இலை தண்டைக் கவ்வும் இடத்து இலைக்காதில் நிறம் இல்லை. கதிர் மீசை நீளம் சராசரி 6.2 செ.மீ. ஐம்பது கதிரை அளந்தேன், விரல் விறைத்துவிட்டது.

வயல் ஆட்கள் எல்லாரும் பக்கத்து ஹட்டியைச் (இங்கே ஊரை அப்படித்தான் சொல்கிறார்கள்) சேர்ந்த படுகர்கள். போஜன் அண்ணன் பொறுப்பாளர். வயல், வேலி, விதை ஸ்டோர், கருவி அறை எல்லாம் அவர் கையில். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் 'சார்' என்பார். ருக்கி அக்கா அப்படியெல்லாம் இல்லை. நான் அளவுகோலோடு குனிந்து நிற்பதைப் பார்த்து, "என்ன தம்பி, சட்டை தைக்கப் போறீங்களா அதுக்கு?" என்றார். ஆறு பெண்களும் சிரித்தார்கள்.

பாத்தியைச் சுற்றி நோய்க்கென்றே நட்ட வரிசை இருக்கிறது. அதில் துரு நோயை நாமே ஏற்றிவிட்டு, அது உள்ளே பரவினால் 417 தாங்குகிறதா என்று பார்க்கிறோம். இதுவரை எங்கும் துரு இல்லை.

மேடம் போன் செய்தார். "கதிர் நிறம்?" "வெள்ளை மேடம். போன பருவம் எழுதின மாதிரியேதான்." "வேற ஏதாவது?" "ஒண்ணும் இல்ல." "வெள்ளையேதானா?" என்று மறுபடி கேட்டுவிட்டு வைத்தார். எதையோ எதிர்பார்த்த மாதிரி இருந்தது.

டிசம்பர் 24

கதிருக்குக் கீழே, கழுத்தில் கறுப்பு. முதலில் ஈரம் என்று நினைத்தேன். துடைத்தால் போகவில்லை. வரிசை 1 முதல் 20 வரை எல்லாச் செடியிலும் இருக்கிறது.

நாலு நாளாக மூடுபனி.

டிசம்பர் 27

உமியிலும் ஏறிவிட்டது. கரி பூசியது போல் கோடு கோடாக. 111 வரிசையில் இருக்கிறது. ஒன்பதில் மட்டும் சுத்தமாக இல்லை: 112 முதல் 120 வரை. அந்த ஒன்பதும் போன மார்ச்சில் நான் படிவத்தில் எழுதியபடியே, வெள்ளை வெளேர் என்று நிற்கின்றன.

புத்தகத்தில் பார்த்தேன். உமி கறுக்கும் பாக்டீரியா நோய் ஒன்று இருக்கிறது. விதை வழியாகப் பரவும். படம் ஏறக்குறைய இதேபோல். அது உறுதியானால் இந்த விதையை யாருக்கும் தர முடியாது.

அலமாரியில் மேடத்தின் கலப்புப் பதிவேடுகள் பன்னிரண்டு இருக்கின்றன. அவற்றைப் புரட்டிக்கொண்டிருக்க நேரம் இல்லை. 22ஆம் தேதிக்கு இருபத்தாறு நாள்தான்.

டிசம்பர் 29

முடிவு எடுத்துவிட்டேன். கறுத்த 111 வரிசையையும் பச்சையாகவே வெட்டி எரிப்பது. சுத்தமான ஒன்பதை மட்டும் மூல விதைக்கு நிறுத்துவது. ஒன்பது குறைவுதான், ஆனால் படிவத்தோடு அச்சாகப் பொருந்துகிறது. அதிகாரிகளுக்கு அதுதானே வேண்டும்?

சொன்னதும் யாரும் நகரவில்லை. ருக்கி அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"பால் கட்டின பயிரை வெட்டச் சொல்றீங்க. மேடம்கிட்ட சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு."

"என்ன சொன்னாங்க?"

"வெட்டத்தான் சொன்னாங்க. நோய் அக்கா, இது நோய். வச்சிருந்தா ஒன்பதும் போயிடும்."

போஜன் அண்ணன் ஒரு கதிரை ஒடித்து முகர்ந்து பார்த்தார். "அழுகின வாடை இல்லையே சார்."

"வாடை பார்த்தா நோய் கண்டுபிடிக்கிறது?"

அவர் கதிரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "சரிங்க சார். ஆனா நாளைக்கும் நாளன்னைக்கும் உருளைக்கிழங்கு வண்டி வருது, ஆள் இல்ல. அதுக்கப்புறம் பண்டிகை. ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை வெட்டிடலாம்."

மேடத்திடம் சொல்லத்தான் போகிறேன். இப்போது சொன்னால் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வருவார். முடித்துவிட்டுச் சொல்வதுதான் நல்லது.

டிசம்பர் 31

ஹெத்தையம்மன் பண்டிகையாம். ஒரு வாரம் ஒருவரும் வர மாட்டார்கள். "ஒரே ஒரு நாள் வாங்க, இரட்டைக் கூலி போட்டுத் தர்றேன்" என்றேன். போஜன் அண்ணன் முகம் மாறியது. "கூலி பேச்சு இல்ல சார் இது" என்று மட்டும் சொன்னார். வருடத்தில் ஐம்பத்திரண்டு வாரம் இருக்க, இவர்களுக்கு இந்த வாரம்தான் கிடைத்தது.

ஜனவரி 2

தேயிலை எஸ்டேட்டில் பேசி மூன்று ஆட்களைக் கூட்டி வந்தேன். அரிவாள் இல்லாமல் வந்திருக்கிறார்கள். நம் அரிவாள்கள் கருவி அறையில். சாவி போஜன் அண்ணனிடம். போஜன் அண்ணன் வெள்ளை வேட்டியோடு காலில் செருப்பு இல்லாமல் எங்கோ மலையில் நடந்துகொண்டிருக்கிறார். போனை எடுக்கவில்லை.

ஆட்கள் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

குவார்ட்டர்ஸிலிருந்து காய் நறுக்கும் கத்தியை எடுத்து வந்தேன். வரிசை 1, 2, 3 வெட்டினேன். நாலாவதில் கை போட்டபோது கட்டை விரல். நாலு தையல்.

ஜனவரி 3

வலி. வயலுக்குப் போகவில்லை.

அக்கா போன் செய்தாள். குட்டிக்குப் பிப்ரவரி 6 காதுகுத்து. "தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும், வந்திருடா. கடைசி நேரத்துல எலி மாதிரி ஓடி வராத." கை என்ன ஆனது என்று சொல்லவில்லை.

ஜனவரி 5

ருக்கி அக்கா தன் மகளை அனுப்பியிருந்தார், ஒரு வெள்ளை வேட்டியோடு. "அம்மா சொன்னாங்க, இங்கயே உக்காந்து செடியோட சண்டை போடாம சாப்பிட வரணுமாம்." போக இஷ்டமில்லை, ஆனால் போஜன் அண்ணனைப் பிடித்தால் சாவி வாங்கலாம்.

மலைச்சரிவு முழுக்க வெள்ளை. அவ்வளவு பேரை இந்த மலையில் நான் பார்த்ததில்லை. தலைப்பாகையில் போஜன் அண்ணனை முதலில் அடையாளம் தெரியவில்லை. கிட்டே போய்ச் சாவி கேட்டேன். கட்டுப் போட்ட என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாவி வீட்டுல இருக்கு சார். வெள்ளிக்கிழமை நானே திறக்கிறேன். பயிர் எங்க ஓடப் போகுது? வாங்க, பந்தி போட்டாச்சு."

சோறும் அவரைக் குழம்பும். ருக்கி அக்கா மூன்று முறை ஊற்றினார். "சாப்பிடுங்க. கோவத்துக்குத் தெம்பு வேணும்ல?"

நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 7

கறுத்த வரிசைகளைச் சுற்றி வந்தேன். இன்னும் கறுத்திருக்கின்றன. நல்ல ஒன்பதைப் போய்ப் பார்க்கவில்லை. நன்றாக இருப்பதை எதற்குப் பார்க்க வேண்டும்?

ஜனவரி 9

நிதானமாக எழுதுகிறேன்.

எட்டு மணிக்கு எல்லாரும் வந்தார்கள். போஜன் அண்ணன் கருவி அறையைத் திறந்து ஏழு அரிவாளை எடுத்துக் கொடுத்தார். நான் வரிசை 4 பக்கம் நின்று ஆரம்பிக்கச் சொன்னேன். ருக்கி அக்கா எப்போதும் போல எதிர்க்கோடியிலிருந்து வந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார்.

"தம்பி! இங்க வாங்க. உங்க நல்ல புள்ளைங்க மூஞ்சியப் பாருங்க."

112. தண்டு முழுவதும் செங்கல் நிறத்தில் கொப்புளம். தோல் கிழிந்து தூள் கொட்டிக்கொண்டிருந்தது. 113, 114, அப்படியே 120 வரை. என் பேன்ட்டில் உரசிய இடமெல்லாம் காவி. தண்டுத் துரு. பத்து நாளில் ஒரு வரிசையைச் சருகாக்கிவிடும் துரு.

அடுத்த வரிசை 111. ஓர் அடிதான் இடைவெளி. அதன் தண்டைக் கட்டுப் போடாத கையால் அழுத்தித் தேய்த்தேன். விரல் சுத்தமாக வந்தது. 110, சுத்தம். 90, சுத்தம். 40க்கு ஓடினேன். 4க்கு ஓடினேன். கறுத்த கழுத்தோடு ஒவ்வொன்றும் பச்சைத் தண்டில் நின்றது, ஒரு பொட்டுத் துரு இல்லாமல்.

போஜன் அண்ணன் வரிசை 4இன் முன் அரிவாளோடு குனிந்திருந்தார். நாற்பது ஐம்பது தண்டை இடது கையில் சேர்த்துப் பிடித்திருந்தார்.

"வெட்டணுங்களா சார்?"

"வேண்டாம்."

"எதை வேண்டாம்?"

"எதையும் வேண்டாம். கையை எடுங்க. எல்லாரும் உக்காருங்க. டீ போடச் சொல்றேன்."

ருக்கி அக்கா அரிவாளை மண்ணில் குத்திவிட்டு உட்கார்ந்தார். "இதைச் சொல்ல எங்களை வெள்ளிக்கிழமை வரைக்கும் காக்க வைக்கணுமா?" என்றார். சிரிக்கலாமா என்று தெரியாமல் நான் சிரித்தேன். இவர்கள் இரட்டைக் கூலிக்கு ஆசைப்பட்டு வந்திருந்தால் ஒரு வரிசைகூட மிஞ்சியிருக்காது.

ஜனவரி 10

பதிவேடுகளைப் படித்தேன். நாலாவது நோட்டு, பக்கம் 61. மேடத்தின் கையெழுத்து, பென்சில்:

'செடி 14. கதிர்க் கழுத்தும் உமியும் கறுப்பு. தண்டுத் துரு அறவே இல்லை. இதுதான் வேண்டும்.'

இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டிருக்கிறார்.

தண்டுத் துருவைத் தடுக்கும் ஒரு மரபுக்கூறு இருக்கிறது. அது இருக்கும் செடிக்குக் கழுத்தும் உமியும் கறுக்கும். குளிரும் ஈரமும் இருந்தால் நன்றாகத் தெரியும், காய்ந்த சமவெளியில் தெரியாமலே போகலாம். முதுகலைத் தேர்வில் இது ஐந்து மதிப்பெண் கேள்வி. நான் ஐந்தும் வாங்கினேன்.

மேடத்துக்குப் போன் செய்தேன்.

"மேடம், கழுத்து கறுத்திருக்கு."

"என்னது?"

"417. கழுத்து, உமி எல்லாம் கறுப்பு."

"எத்தனை வரிசை?"

"நூத்திப் பதினொண்ணு."

நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"விநாயகம், கீழ சோதனைக்குக் கொண்டு போனதுல இருந்து ஆறு வருஷமா அந்தக் கறுப்பை நான் பார்க்கல. நடுவுல எங்கயோ அதைத் தவற விட்டுட்டேன்னு நினைச்சேன். யார்கிட்டயும் சொல்லல. அன்னைக்கு நீங்க வெள்ளைன்னு சொன்னப்ப எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல." மூக்கை உறிஞ்சினார். டெல்லிக் குளிராக இருக்கும். "மிச்சம் ஒன்பது?"

"அது கலவன் மேடம். துரு பிடிச்சிருக்கு. கீழ ஒப்பிடறதுக்கு நட்ட பழைய ரகம் மாதிரி தெரியுது. ஸ்டோர்ல கலந்திருக்கும்."

"மொத்த வரிசையும் இருக்குல்ல?"

"மூணு போச்சு. காட்டுமாடு."

இங்கே காட்டுமாடு வருவது உண்மைதான். போன மாதம்கூட முட்டைக்கோஸை மிதித்துவிட்டுப் போனது.

"ஸ்டோரும் வேலியும் போஜன் பொறுப்புதானே? எழுத்துல விளக்கம் வாங்கி வைங்க. அதிகாரிங்க கேப்பாங்க" என்றார்.

ஜனவரி 11

ஒன்பது வரிசையையும் பிடுங்கி எரித்தோம். போஜன் அண்ணனிடம் விளக்கம் கேட்டேன். "எழுதித் தர்றேன் சார்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜனவரி 12

போஜன் அண்ணனின் விளக்கக் கடிதம், முழு வெள்ளைத்தாளில், கோணாத எழுத்தில்:

'பை எண் 1 முதல் 120 வரை எல்லாம் முத்திரை பிரிக்காமல் ஸ்டோரில் இருந்தது. விதைப்பு அன்று முத்துவிநாயகம் சார் முன்னிலையில் பிரித்தது. முத்திரை மேல் உள்ள கையெழுத்தும் சாருடையதே. வேலி பற்றி: காட்டுமாடு உள்ளே வந்ததாகத் தெரியவில்லை. குளம்படி இல்லை. சாணம் இல்லை. மூன்று வரிசையும் ஒரே உயரத்தில் வெட்டுப்பட்டுள்ளது. காட்டுமாடு அப்படி மேயாது.'

மூன்று முறை படித்தேன். பிறகு போன மார்ச் மாதத்துச் சின்னப் பாக்கெட் நோட்டைத் தேடி எடுத்தேன். கதிர் 111 பறித்த நேரம் 4.20. கதிர் 112 முதல் 120 வரை: 4.30. ஒன்பதுக்கும் சேர்த்து ஒரே நேரம். இடம்: கிழக்கு ஓரம். அந்த ஓரத்தை ஒட்டித்தான் ஒப்பீட்டு ரகத்தின் பாத்தி இருந்தது. நடுவில் ஓர் அடி. காய்ந்த வெயிலில் இரண்டும் வெள்ளைக் கதிர், ஒரே உயரம். நான் எந்தப் பாத்தியில் நின்று பறித்தேன் என்று குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மேடத்துக்குப் போன் செய்தேன். ஸ்டோர் இல்லை, நான் என்றேன். காட்டுமாடு இல்லை, நான் என்றேன். காய்கறிக் கத்தி என்பதையும் சொன்னேன். மீதியை வெட்ட ஏற்பாடு செய்ததையும், நீங்கள் சொன்னீர்கள் என்று பொய் சொன்னதையும் சொன்னேன்.

"பண்டிகை மட்டும் வராம இருந்திருந்தா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இருந்திருக்காது மேடம்."

திட்டவில்லை. திட்டினால் தேவலாம் போல் இருந்தது.

"போஜன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"முதல்ல அவர்கிட்ட சொல்லணும். அப்புறம்தான் எனக்கு."

போஜன் அண்ணன் வேலி ஓரமாகக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். கையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார்.

"தெரியும் சார்."

"எப்போ தெரியும்?"

"பண்டிகைல உங்க கட்டு போட்ட கையைப் பார்த்தப்பவே மூணு வரிசை போயிருக்கும்னு நினைச்சேன். ஒன்பது விஷயம் அந்தப் பைங்களைப் பார்த்தப்ப தெரிஞ்சது."

"கடிதத்தைக் கிழிச்சிடட்டுமா அண்ணே?"

"எதுக்கு சார்? நல்லா எழுதியிருக்கேன்ல? ஃபைல்லயே வைங்க." கம்பி முறுக்கும் குறட்டை நீட்டினார். "அந்த முனையைப் பிடிங்க. நல்ல கையால."

ஜனவரி 20

மேடம் வந்தார். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. ஜீப்பிலிருந்து நேராக வயலுக்கு. முதல் கதிரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் டீ வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

ஜனவரி 22

அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் குடையை மடக்காமலே பேசும் அம்மா. இன்னொருவர் எல்லாவற்றையும் எண்ணுகிறவர். எண்ணுகிறவர் பாத்தியின் தலைமாட்டிலேயே நின்றுவிட்டார்.

"லேபிள் நாலுல ஆரம்பிக்குது. நூத்திப் பதினொண்ணுல முடியுது. படிவத்துல நூத்தி இருபது."

மேடத்துக்கு முன்னால் போய் நின்றேன். போஜன் அண்ணன் பின்னால் நின்றிருந்தார்.

"முதல் மூணை நான் நோய்னு நினைச்சு வெட்டிட்டேன் சார். கடைசி ஒன்பதை நான் தப்பான பாத்தியில பறிச்சிருக்கேன். பிடுங்கியாச்சு. ஸ்டோர்லயோ வேலியிலயோ தப்பு இல்ல. எழுத்துல இருக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பிறகு எண்ண ஆரம்பித்தார். இரண்டரை மணி நேரம். 108 வரிசையில் ஒரு கலவன் இல்லை.

குடை அம்மா விடவில்லை. "போன பருவத்துல உமி வெள்ளைன்னு இருக்கு. இங்க கறுப்பு. நிலைத்தன்மை எங்கே?"

மேடம் நாலாவது நோட்டை, பக்கம் 61ஐ, விரித்து நீட்டினார். அந்த அம்மா படித்தார். குடையை மடக்கினார். குனிந்து ஒரு தண்டைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். பிறகு நோய் ஏற்றிய சுற்று வரிசையில் போய்த் துடைத்தார். கைக்குட்டை வீணாகிவிட்டது.

"மலையில கறுக்கும், கீழ கறுக்காதுன்னு ரெண்டு இடத்துக்கும் தனித்தனியா எழுதிக் கொடுங்க" என்றார்.

எழுதினேன். 'கதிர்க் கழுத்தும் உமியும்: குளிர்ந்த ஈரமான மலைப்பகுதியில் கறுப்பு, சமவெளியில் வெள்ளை.' மேடம் படித்துப் பார்த்து ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை.

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஜீப் வளைவு திரும்பிய பிறகு ருக்கி அக்கா, "நூத்தியெட்டு நல்ல எண்ணுதான் தம்பி. இன்னும் ஒண்ணைக் குறைச்சிடாதீங்க" என்றார். மேடம் சத்தமாகச் சிரித்து இன்றுதான் கேட்டேன்.

ஜனவரி 23

பதினோரு மணி நேரம் தூங்கினேன்.

பிப்ரவரி 4

அறுவடை. ஒவ்வொரு வரிசைக்கும் தனித் துணி, தனிப் பை. ஒரு வரிசை அடித்து முடிந்ததும் துணியை உதறி, திருப்பிப் போட்டு, மறுபடி உதறச் சொன்னேன். போஜன் அண்ணன் எனக்கு ஓர் அரிவாள் கொடுத்தார். "சமையல் கத்தியைக் கொண்டு வரலையே?" என்று என் தோள்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

கோயம்புத்தூர் பஸ் நாலே முக்காலுக்கு. அதைப் பிடித்தால் இரவே கோவில்பட்டி வண்டி ஏறலாம். வரிசை 97 நடக்கும்போது மணி நாலரை. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கிளம்புங்க விநாயகம். மிச்சத்தை நாங்க பார்த்துக்கறோம்."

"காதுகுத்து நாளன்னைக்குத்தான் மேடம். காலைல போறேன்."

பஸ் கீழே ஹாரன் அடித்துக்கொண்டு போனது. 98. உதறினோம், திருப்பினோம், உதறினோம். வரிசை 111இன் பையை ஆறேகாலுக்குக் கட்டினேன். பெயர் எழுதும் இடத்தில் 417 என்றும், கையெழுத்து இடத்தில் என் பெயரையும் எழுதினேன். கட்டுவதற்கு முன் ஒருமுறை குனிந்து உள்ளே பார்த்தேன்.